மாதாவுக்கு அடுத்த வீடு

வைட்ஃபீல்ட், பெங்களூர்,
14 டிசம்பர் 2003.

அன்பு மகன் டிரேவருக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஜூடித் எழுதுகிறாள். இங்கே மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். அவள் நம் வீட்டு மேசைமேல்தான் இருக்கிறாள், ஆகஸ்டிலிருந்து. அதுதான் என் கவலையும்.

நம் தெருவில் மாதா சுரூபம் வாரம் ஒரு வீடாகச் சுற்றுவது உனக்குத் தெரியும். நீ சின்னவனாக இருந்தபோது ஈஸ்டருக்கு வந்தவள் மறுபடி வர கிறிஸ்துமஸ் ஆகிவிடும், அத்தனை வீடு. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வர வர வாடகை ஏறியது, கூரை ஓட்டு ஃபேக்டரியில் வேலை பார்த்த நம் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக ஓசூர் பக்கம் போனார்கள். கடைசியில் நானும் எதிர்வீட்டு டோரதி அக்காவும்தான் மாதாவை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தோம். என்ன, ரெண்டு பேரும் ஷட்டில் ஆடுறீங்களா என்று அப்பா கேலி செய்வார். ஆகஸ்டில் டோரதியும் போய்விட்டாள். அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய பள்ளம்.

உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நம் வீட்டையும் ஓனர் நாராயணசாமி விற்றுவிட்டார். என் பிள்ளைங்களே ஃப்ளாட்டுதான் வேணும்ங்குறாங்கம்மா, நான் என்ன பண்ண என்று கண் கலங்கினார், அவரைக் குறை சொல்ல முடியாது. பொங்கலுக்குள் நாங்களும் ஓசூர். வீடு போவதைவிட, மாதாவை அடுத்த வீட்டில் ஒப்படைக்காமல் போவதுதான் எனக்கு மனசாகவில்லை. கோயிலுக்குக் கொண்டாங்க, பீரோவுல பத்திரமா இருக்கும் என்கிறார் ஃபாதர். மாதாவை பீரோவில் வைத்துப் பூட்டுவதா?

அப்படியிருக்க, போன வாரம் மூலை அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் ஒரு கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்குவதை ஜூடித் பார்த்துவிட்டு, அம்மா, நம்ம ஆளுங்க என்று ஓடி வந்தாள். நேற்று சாயந்திரம் மெழுகுவர்த்தி ஏற்றி, பாட்டுப் பாடி, மூவரும் தூக்கிக்கொண்டு போனோம். கேட்டில் வாட்ச்மேன், கலெக்ஷன் எல்லாம் இங்க அலவ் இல்ல என்று மறித்தான். கலெக்ஷன் இல்லப்பா, மாதா வந்திருக்காங்க என்றார் அப்பா. அவன் என்ன புரிந்துகொண்டானோ, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேடம், யாரோ மாதாஜி வந்திருக்காங்க என்று மேலே போன் போட்டான். ஜூடித்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கதவைத் திறந்தவள் சௌம்யா என்ற பெண், கோயம்புத்தூர்க்காரி, உன் வயதுதான் இருக்கும். நெற்றியில் திருநீறு. அப்போதே எனக்குக் கால் பின்வாங்கியது. ஸ்டாரா ஆன்ட்டி, கடையில அழகா இருந்துச்சு, வாங்கி மாட்டினோம் என்றாள். ஆனால் முகம் சுளிக்கவில்லை, உள்ளே கூப்பிட்டு, டீப்பாயைத் துடைத்து மாதாவை வைக்கச் சொன்னாள், கும்பிட்டாள். நான் ஆசை விடாமல், ஒரு வாரம் வச்சுக்கறியாம்மா, சாயந்திரம் ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினா போதும் என்று கேட்டேன். இன்னைக்கு லீவு ஆன்ட்டி, மத்த நாள் சாயந்திரம்தான் ஆபீஸ் வண்டி வரும், இங்க தங்கியிருக்கிற நாங்க நாலு பேரும் நைட் ஷிப்ட், வீட்டுல யாருமே இருக்க மாட்டோமே என்றாள். அவ்வளவு பெரிய வீடு, விளக்கு வைக்கிற நேரத்தில் ஆள் இல்லை. திரும்பி வரும்போது பாட்டுப் பாடவில்லை. மாதாவை ஒரு வீட்டிலிருந்து பாட்டில்லாமல் தூக்கி வந்தது அதுதான் முதல் தடவை.

வீடு மாறுகிற அன்று கோயிலில் கொடுத்துவிட்டுத்தான் லாரி ஏறுவோம், வேறு வழியில்லை. நீ மாட்டுகிற ஸ்டாரை இந்த வருஷம் இங்கே மாட்டவில்லை. ஓசூர் வீட்டில் சாமான் இறக்கியதும் முதலில் அதைத்தான் கட்ட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்து ஸ்டாரான்னு ஊர் சிரிக்கும் என்கிறார். சிரிக்கட்டும். அந்தத் தெருவிலும் ஒரு மாதா சுற்றிக்கொண்டிருந்தால், அவளுக்கு எங்கள் வீடு தெரிய வேண்டாமா?

வேளைக்குச் சாப்பிடு, படுக்கும் முன் ஜெபமாலை சொல். பொங்கலுக்குப் பிறகு இந்த விலாசத்துக்கு எழுதாதே, வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
பிரிஜெட் நோயல்