சார்த்ருக்குப் போய்வந்த மெழுகுதிரி

அஜின்கோர்ட்,
நவம்பர் 23

அன்பு மகன் பிரசாந்துக்கு,

மாதாவின் காவலில் நானும் அம்மாவும் சுகம், என் முதுகைத் தவிர. கல்கரிக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். சட்டை தைக்கவென்று அம்மா உன் உயரத்தைக் கேட்டு வாங்கினாரே, அந்தச் சட்டை எங்கே என்று கேட்டிருந்தாய். சட்டை தைக்கவே இல்லை, ராசா. உன் கார் பனியில் சறுக்கி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை எழும்பி நடந்தால் அவன் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவேன் என்று அம்மா மாதாவுக்கு நேர்ந்துவிட்டார். சொன்னால் நீ சிரிப்பாய் என்று சட்டைப் பொய். நேர்த்திக்காகச் சொன்ன பொய்யை மாதா கணக்கில் எடுக்கமாட்டாவாம்.

பங்குக் கோவில் ஆட்களோடு பிரான்சுக்கு யாத்திரை போனபோது, சார்த்ர் பேராலயத்தில்தான் கொளுத்துவேன் என்று ஒரே பிடி. ஐந்தடி பத்தங்குல மெழுகுதிரியைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்துச் சுமந்தது நான். எயார்போர்ட்டில் இது என்னவென்று கேட்ட அதிகாரியிடம் அம்மா இங்கிலீசில் 'என் மகன்' என்றார். அந்த மனிசன் முகம் இருண்டு, அனுதாபம் சொல்லி அனுப்பினான். நான் விளக்கப் போயிருந்தால் பிளேன் போயிருக்கும். கோவிலைப் பற்றிக் கேட்டாய். எண்ணூறு வருடப் பழசு, அண்ணாந்தால் கழுத்து நோகும், யன்னல் கண்ணாடிகளிலிருந்து ஒரு நீலம் இறங்கித் தூணெல்லாம் கிடந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா ஒன்றையும் பார்க்கவில்லை, மெழுகுதிரித் தட்டைத் தேடித் திரிந்தார். குழாயைத் திறந்ததுதான் தாமதம், அங்கே காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்தாள். பாரிசில் கோவில் எரிந்த பிறகு யாருக்குத்தான் பயமில்லை? எங்கள் வழிகாட்டி பஸ்ரியன் பேசிப் பார்த்தான். முழுசாய்க் கொளுத்த ஏலாது, துண்டு துண்டாக வெட்டினால் தட்டில் வைக்கலாம் என்றாளாம். பாவம், நல்ல மனதோடுதான் சொன்னாள். அம்மா மெழுகுதிரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, 'என்ர பிள்ளையை வெட்டவோ? விடமாட்டன்' என்று போட்ட சத்தத்தில், யன்னலைப் படமெடுத்தவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பிப் படமெடுத்தார்கள். கோவில் பார்க்கப் போனவர்கள் நாங்கள், பார்க்கப்பட்டவர்களும் நாங்கள்.

பிறகென்ன, திரும்பக் கொண்டுவந்து உன் அறையில் நிறுத்தினோம். இனி ஒரு விசயம். உன் வலது கால் இழுக்கிறது என்று உன் சிநேகிதன் றொனால்ட் எனக்கு எப்போதோ சொல்லிவிட்டான். அதனால்தானே போன இரண்டு நத்தார்ப் பண்டிகைக்கும் வேலை என்று சொல்லி வராமல் விட்டாய், வீடியோவில் கதிரையை விட்டு எழும்புவதுமில்லை. அம்மா தாங்கமாட்டார் என்று நானும் மூடி மறைத்தேன், பெரிய கெட்டிக்காரன். போன கிழமை ஹீற்றர் சூட்டில் மெழுகுதிரி இடுப்பில் வளைந்துவிட்டது. நிமிர்ந்ததாகப் புதிது செய்விப்போம் என்றேன். அம்மா அதன் தூசியைத் துடைத்தபடி, 'புதுசு ஏன்? அவனும் இப்ப கொஞ்சம் சரிஞ்சுதானே நடக்கிறான். நடை எனக்கு நோகேல்லை, வாறானில்லை எண்டதுதான் நோகுது' என்றார். நான் மறைத்ததெல்லாம் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

ஆகவே மறைக்க இனி ஒன்றுமில்லை, நத்தாருக்கு வா. இங்கே கோவில் முற்றத்தில் கொளுத்தப் பங்குச் சாமியார் சம்மதித்துவிட்டார், ஆனால் நீ வந்து பிடித்தால்தான் நெருப்பு வைப்பேன் என்று அம்மா நிற்கிறார். எனக்கும் உன்னைப் பார்க்காமல் ஏலாது, மகன்.

மாதா உன் ஒவ்வொரு அடியிலும் கூட வரட்டும். பனியில் பிடிப்புள்ள சப்பாத்துப் போடு. டிக்கெட் எடுத்ததும் அம்மாவுக்கு வீடியோவில் போன் அடி, எழும்பி நின்று பேசு.

அன்புடன்,
அப்பா அல்பேட்