முழங்கால்வரை நனைந்த வேட்டி

அன்றைக்கு வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்றவர்களை ஒருவர் விடாமல் சொல்வேன். தண்ணீருக்குள் பாஸ்டர். கரையில் பெயர்க் கொப்பியோடு கிறேஸ் அக்கா. உங்களோடு ஞானஸ்நானம் எடுக்க வந்த பாமினியும் அவளுடைய தாயும். கையில் துவாயோடு எங்கள் மகள் ஜெனிற்றா. றெயில் பாதையோரம் செருப்பைக் கழற்றாமல் நின்ற உங்கள் தம்பி சிவநேசன். சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த கடலைக்காரன். அவன் பெயர் மட்டும் எனக்குத் தெரியாது. பிறகு நீங்கள். பிறகு நான்.

இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். அடுத்த ஞாயிறு சபை திரும்பவும் கடலுக்குப் போகிறதாம். வெள்ளை உடுப்பு இல்லாதவர்களுக்குக் கொடுக்க வீட்டில் ஏதும் இருந்தால் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். உங்கள் வேட்டியை எடுத்து உதறினேன். மடிப்பிலிருந்து மணல் கொட்டியது. பதினொரு வருஷத்து மணல். இதைத் தோய்க்காமல் வைத்ததே இப்போதுதான் நினைவு வந்தது என்று எழுதினால் அது பொய். தோய்க்கவில்லை என்பது எனக்கு ஒவ்வொரு நாளும் தெரியும்.

கொட்டாஞ்சேனை வீட்டின் சீமெந்துத் தரையில் அந்த மணலைக் கையால் கூட்டி ஒரு கடதாசியில் சுற்றி வைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருக்கும். சிரிப்பதானால் சிரியுங்கள்.

இருபத்தைந்து வருஷம் நீங்கள் என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, கீழே தேத்தண்ணிக் கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். சபை மேல்மாடியில். ஆராதனை முடிந்து நான் படியிறங்கும்போது குடையோடு நிற்பீர்கள். "என்ன, உங்கட ஆள் இண்டைக்கும் வரேல்லையோ?" என்று சபைப் பெண்கள் கேட்பார்கள். ஆண்டவரைக் கேட்கிறார்களா உங்களைக் கேட்கிறார்களா என்று தெரியாதமாதிரி நான் முகத்தை வைத்துக்கொள்வேன். புருஷன் இரட்சிக்கப்படாதவள் என்று அவர்கள் எனக்காக இரக்கப்பட்ட இரக்கம் இருக்கிறதே, அது எனக்கு முதுகில் சூடு வைத்தமாதிரி. யார் யார் எந்த நாளில் எப்படி இரக்கப்பட்டார்கள் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

பிறகு அந்த மழை நாள். கடைக்கூரை ஒழுகியதால் நீங்கள் படிக்கட்டில் ஏறி இருந்தீர்கள். உள்ளே வரவில்லை. படியில் இருந்தபடியே சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றிய பிரசங்கத்தை முழுக்கக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து, ஈரச் சேர்ட்டைக் கழற்றாமலே கேட்டீர்கள்:

"இஞ்சேர், அந்தக் கள்ளன் முந்தி ஒரு நாளாவது ஜெபத்துக்குப் போனவனோ?"

"சிலுவையில தொங்குறவன், எங்கை போறது?"

"அப்ப கடைசி பஸ் ஹோல்ட்டில ஏறினவனுக்கும் சீட் குடுக்கிறார்?"

"குடுக்கிறார்."

"அப்பிடியெண்டால் நானும் ஏறிப் பாக்கலாம்."

நான் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்து நின்று அழுதேன். நீங்கள் கண்டீர்கள் என்று நினைக்கிறேன். அதன்பிறகு நீங்கள் வேலை செய்த மருதானைக் கடையில் மோட்டர் கம்பி சுற்றிக்கொண்டே வேதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து வாசித்தீர்கள். பக்கங்களில் கிறீஸ் விரல் அடையாளம் இன்னும் இருக்கிறது. ஞானஸ்நான வகுப்புக்கும் ஒன்று விடாமல் போனீர்கள். "ஏறுறது சுகம், இறங்காமல் நிக்கிறதுதான் பாடு எண்டு பாஸ்டர் சொல்றார்" என்று ஒரு நாள் சொன்னீர்கள். "நான் பழகினவன். காலி வீதி பஸ்ஸில எத்தினை வருஷம் நிண்டு போனனான்."

எல்லாம் சரியாக நடந்தது. அந்தக் கயிறு ஒன்றைத் தவிர.

கொழும்புக்கு வேலைக்குப் புறப்பட்ட அன்று உங்கள் அம்மா இடுப்பில் கட்டிவிட்ட கறுப்பு அரைஞாண்கயிறு. அதில் ஒரு சின்ன வெள்ளி மணி. நூல் இற்றுப்போனால் நூலை மாற்றுவீர்கள், மணியை மாற்றமாட்டீர்கள். உங்கள் அம்மா என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. வேதக்காரப் பெட்டை என்று, நான் வைத்த தேத்தண்ணியை என் கண்முன்னே முற்றத்துச் செவ்வரத்தை அடியில் ஊற்றினா. அந்தக் கோப்பையில் நீலப் பூ. விளிம்பில் ஒரு வெடிப்பு. மனிசி செத்து எத்தனையோ காலமாகியும் அந்தச் செவ்வரத்தை என் நெஞ்சுக்குள் நின்று பூத்துக்கொண்டே இருக்கிறது.

"வேதத்தில கயிறு கூடாதெண்டு எங்கை கிடக்கு? காட்டு, இப்பவே அறுக்கிறன்" என்றீர்கள். எனக்குக் காட்டத் தெரியவில்லை. "அதில சாமியும் இல்லை, பேயும் இல்லை. அம்மாவின்ர கைதான் கிடக்கு" என்றீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கை என் ஆண்டவரின் தண்ணீருக்குள் உங்களோடு இறங்கக்கூடாது.

எங்கள் சபைப் பெண்களுக்கு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். ஒவ்வொருவரும் ஜெபக்குறிப்பைத் துண்டில் எழுதி ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போடுவோம். கூட்டத்தை நடத்துகிற கிறேஸ் அக்கா மட்டும் எடுத்து வாசித்து ஜெபிப்பா. வெளியில் போகக்கூடாது என்பது வழக்கம். நானும் ஒரு துண்டு எழுதிப் போட்டேன். என் புருஷன் இடுப்புக் கயிற்றை அறுக்க ஜெபியுங்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமை விடிய வான் வண்டி பிடித்து வெள்ளவத்தைக்கு வந்து, றெயில் பாதையைக் கடந்து மணலுக்கு இறங்கினோம். பாமினி முழுகி எழும்பினாள். தாய் எழும்பினா. நாங்கள் பாடினோம். உங்கள் முறை. நீங்கள் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லுக் குத்தும் என்ற பயத்தோடு, சின்னப்பிள்ளை மாதிரிக் கால் வைத்து இறங்கினீர்கள். முழங்கால்வரை தண்ணீர். அப்போது கிறேஸ் அக்கா சேலை நனைய ஓடிப்போய்ப் பாஸ்டரின் கையில் ஒரு துண்டைக் கொடுத்தா. அவர் வாசித்தார்.

"அண்ணன், இடுப்பில ஏதும் கட்டியிருக்கிறீங்களோ?"

"ஓம் பாஸ்டர். அம்மா கட்டினது."

"கழட்டி அக்காட்டைக் குடுத்திட்டு வாங்கோ. பழைய கட்டு ஒண்டும் தண்ணிக்குள்ள வரக்கூடாது."

"அது வெறும் நூல் பாஸ்டர். நான் அதைக் கும்பிடுறதில்லை."

"கும்பிடாட்டில் அறுக்கிறதுக்கு என்ன கஷ்டம்?"

பாதையோரம் நின்ற சிவநேசன் சத்தமாகச் சொன்னான்: "அண்ணை, வாங்கோ வீட்டை போவம். பெத்த தாயை அறுத்துப்போட்டு என்ன சொர்க்கம்?"

நீங்கள் அவனையும் பார்க்கவில்லை, பாஸ்டரையும் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தீர்கள். என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் போதும். "விடுங்கோ பாஸ்டர்" என்று நான் சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். அவர் பொல்லாத மனிதர் இல்லை. அந்த நேரம் கல்கிசைப் பக்கமிருந்து றெயில் வந்தது. ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத சத்தம். அது கடந்து போகும்வரை நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு தண்ணீரில் நின்றீர்கள். நான் குனிந்து என் காலடி மணலைப் பார்த்தேன்.

றெயில் போனதும் கரையேறினீர்கள். கடலைக்காரன் சிங்களத்தில் கேட்டான்: "மொகத மஹத்தயா, வத்துர சீத்தலத?" தண்ணீர் குளிரா என்று. நீங்கள் சிரித்துக்கொண்டே, "ஔ மல்லி, ஹரி சீத்தலாய்" என்றீர்கள். சரியான குளிர் என்று. வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெனிற்றா அந்தத் துவாயை உங்களிடம் நீட்டுவதா மறைப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

திரும்பி வரும்போது வான் வண்டியில் என் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னீர்கள்: "முழங்கால் மட்டும் அவர் கண்டிட்டார்தானே. மிச்சத்தைப் பிறகு பாத்துக்கொள்ளுவார்."

அடுத்த ஞானஸ்நானம் மூன்று மாதத்துக்குப் பிறகு என்றார்கள். நீங்கள் ஐந்து கிழமைதான் இருந்தீர்கள். மருதானைக் கடையில், திருத்திய மின்காற்றாடியைச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தபடியே மேசையில் சாய்ந்துவிட்டீர்களாம். காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

மலர்ச்சாலையில் உங்கள் உடலைக் குளிப்பாட்டியவர் வெளியே வந்து என்னிடம் கேட்டார்: "இடுப்பில ஒரு கயிறு கிடக்கு அம்மா. வெட்டவோ?"

"விடுங்கோ" என்றேன்.

ஐந்து கிழமை பிந்தி அந்தச் சொல் என் வாயில் வந்தது. கயிற்றோடுதான் உங்களை எரித்தார்கள். சிவநேசன்தான் கொள்ளி வைத்தான். பாஸ்டர் வாசலில் நின்று ஆறுதல் சொன்னார். "அவர் இப்ப எங்கை பாஸ்டர்?" என்று கேட்டேன். "ஆண்டவரின்ர கையில விடுவம் அம்மா" என்று சொல்லிவிட்டு கை மணிக்கூட்டுப் பட்டியைத் திருகிக்கொண்டு நின்றார். வேறு பிரேத வீடுகளில் அவர் இப்படிச் சொன்னதில்லை. கர்த்தருக்குள் நித்திரை என்பார். எனக்கு அந்த வித்தியாசம் விளங்கியது.

கிறேஸ் அக்காவோடு அன்றோடு கதைப்பதை விட்டேன். ஜெபக்குறிப்பை வெளியே விட்டவ என்று சபை முழுக்கச் சொன்னேன். ஒருவர் விடாமல் சொன்னேன். அவ பெண்கள் கூட்டத்தை விட்டு விலகி, பிறகு கொட்டாஞ்சேனையை விட்டே மகனோடு வெள்ளவத்தைக்குப் போய்விட்டா. என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன கிழமை அவவின் மருமகள் எனக்குப் போன் எடுத்தாள். மாமிக்கு ஏலாது, உங்களைப் பார்க்க வேண்டுமாம் என்று. பஸ் ஏறிப் போனேன். கிறேஸ் அக்கா கட்டிலில் ஒரு பிடி. கையை நீட்டினா.

"தங்கச்சி, நான் அதைப் பாஸ்டரிட்டைக் குடுத்திருக்கக் கூடாது. உன்ர மனுசனைத் தண்ணியில வச்சுத் திருப்பிப்போட்டன். மன்னிச்சனெண்டு ஒரு சொல்லுச் சொல்லு."

அவ தலையணைக்குக் கீழே இருந்த வேதத்தைத் திறந்து ஒரு துண்டை எடுத்துத் தந்தா.

"இது உன்னட்டையே இருக்கட்டும். நான் போனபிறகு பிள்ளையள் கண்டு வாசிச்சால் உனக்குத்தான் வெட்கம்."

என்னுடைய எழுத்து. கோணல் மாணல். என் புருஷன் இடுப்புக் கயிற்றை அறுக்க ஜெபியுங்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி: அறுக்கும்வரை தண்ணீருக்குள் விட வேண்டாம் என்று பாஸ்டரிடம் சொல்லுங்கள்.

அந்த இரண்டாவது வரி எனக்கு மறந்துபோயிருந்தது என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். சொல்லமாட்டேன். கோப்பையின் பூவை மறக்காதவள் தன் கை எழுதியதை மறப்பாளா? பதினொரு வருஷமும் தெரியும். நான் கேட்டதைத்தான் அந்த மனிசி செய்தது. சபை முழுக்க அவவைக் குற்றம் சொன்னபோது, வேதத்துக்குள் இந்தத் துண்டை வைத்துக்கொண்டு அவ பேசாமல் இருந்தா. ஒருவரின் குற்றத்தை இன்னொருவர் சுமந்து தீர்த்தார் என்று ஞாயிறு தவறாமல் கேட்டவள் நான். எனக்காக ஒருத்தி சுமந்துகொண்டிருந்ததைத் தெரிந்துகொண்டே அவள்மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

"மன்னிச்சன் அக்கா" என்றேன். என்னை மன்னியுங்கோ என்று கேட்க நாக்கு எழும்பவில்லை. அவ கண்ணை மூடிக்கொண்டு என் கையைத் தடவினா. கேட்காமலே தந்துவிட்டா என்று நினைக்கிறேன். அதுதான் இன்னும் பாரம்.

இப்போதிருக்கிற பாஸ்டர் இளைஞர். கள்ளனுக்கு ஞானஸ்நானம் இல்லையே அம்மா, உங்கள் கணவர் விசுவாசித்தவர்தானே, தண்ணீர் அல்ல இரட்சிப்பது என்கிறார். நல்ல பிள்ளை. ஆனால் அந்தக் கள்ளனின் பெண்சாதி சிலுவைக்குக் கீழே நின்று, இவரை விட வேண்டாம் என்று துண்டு எழுதிக் கொடுக்கவில்லை. நீங்கள் அங்கே இருக்கிறீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால், நான் அங்கே வருவேனா தெரியவில்லை. மன்னியாதவர்களுக்கு மன்னிப்பில்லை என்றும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. முடிவுவரை நிலைத்து நிற்கவேண்டும் என்கிறார்கள். நிற்கிறேன். முழங்காலில் நின்று ஜெபிக்கிறேன். சுவரோடு கதைக்கிறமாதிரித்தான் இருக்கிறது. நிற்பதை மட்டும் விடவில்லை. நீங்கள் அந்த றெயில் போகும்வரை நின்றீர்களே, அதை நினைத்துத்தான்.

வேட்டியைச் சபைக்குக் கொடுக்கவில்லை. துண்டையும் மணலையும் அதற்குள் வைத்து மடித்துவிட்டேன்.

பாஸ்டரை மன்னித்துவிட்டேன். சிவநேசனை மன்னித்துவிட்டேன். கிறேஸ் அக்காவில் மன்னிக்க ஒன்றும் இருக்கவில்லை. இன்று காலை, செவ்வரத்தையில் தேத்தண்ணி ஊற்றிய உங்கள் அம்மாவைக்கூட, கஷ்டப்பட்டு, பெயர் சொல்லி மன்னித்தேன். இன்னும் ஒருத்தி இருக்கிறாள். துண்டின் அடியில் அவள் பெயர் இருக்கிறது. நீங்கள் தண்ணீரில் நின்று பார்த்தபோது மணலைப் பார்த்துக் குனிந்தவள். ஆண்டவர் மன்னித்தாலும், நீங்களே வந்து மன்னித்தாலும், என்னால் முடியாது.

ஞானமலர்.