ஒன்பது மைல் கல்

குழித்துறை,
6-11-1934

அன்புள்ள மகன் ஜஸ்டஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். போர்டிங்கில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. ஆறாம் பாரத்துப் பிள்ளைகள் எல்லாரும், நாலு மணிக்கு மேல் என்னென்ன செய்யப் போகிறார்கள் என்று இரண்டு காரியம் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொன்னாராம். நீ பாட்டுக் குழுவையும் பேச்சுச் சங்கத்தையும் எழுதிக் கொடுத்தாயாம். முதலுதவி வகுப்பை விட்டுவிட்டாயாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் சீட்டை மாற்றலாம், ஆனால் மாற்றப்போவதில்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறாய்.

பாட்டுக் குழுவா? நீயா? உன் தொண்டை எனக்குத் தெரியாதா மக்கா? கோவிலில் நீ ஞானப்பாட்டு எடுத்தால் செல்லபாய் அக்காள் நைசாக அந்தப் பக்கம் தள்ளி உட்காருவாளே. பேச்சுச் சங்கமும் அப்படித்தான். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவன் அங்கே போய் என்ன பேசுவாய்?

மெடிக்கல் ஸ்கூலுக்குச் சிபாரிசு செய்கிற மிஷன் டாக்டர், பரீட்சை மார்க்கை மட்டும் பார்க்கமாட்டார், இந்தச் சீட்டையும் பார்ப்பார் என்று போன வருஷம் நீதான் சொன்னாய். முதலுதவி ஒன்று, இரவுப் பள்ளி ஒன்று என்று விரலை மடக்கிக் காட்டினாய். இப்போது அந்த டாக்டர் முகத்தில் எப்படி முழிப்பேன், இந்தக் கையால் இனி ஒரு கட்டுத்துணியைக்கூடத் தொடமாட்டேன், எங்கேயாவது குமாஸ்தா வேலைக்குப் போகிறேன் என்று எழுதுகிறாய். அதை நான் நாலு தடவை வாசித்தேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. இரண்டு வாழை சாய்ந்துபோயிற்று. மரச்சீனிக் கிழங்கு தப்பியது. நான் பொங்குகிறேன், பரிமாறுகிறேன், தின்கிறேன். குழம்பில் உப்பில்லை என்று அப்பா சொன்னால்தான் எனக்குத் தெரிகிறது. அழுகையும் வருவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இப்படித்தான். உன் தங்கை ஜெயபாய் லேஸ் வகுப்புக்குப் போவதில்லை. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வாள்? இடது கையால் எழுதிப் பழகுகிறாள். தலை பின்ன மட்டும் என்னிடம் வருவாள். பின்னி முடிந்ததும் எழுந்து போய்விடுவாள்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து வாசி.

ஓண லீவில், ஓலைக் குவியலில் கைவிட்ட ஜெயபாயைப் பாம்பு கடித்ததே, அன்றைக்கு நீ ஒரு பிழையும் செய்யவில்லை. வகுப்பில் படித்தபடி முழங்கைக்குக் கீழே உன் துண்டால் கட்டினாய். அப்பா மார்த்தாண்டம் சந்தைக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு முத்துநாயகம் வண்டி பூட்டினார். மிஷன் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரை ஆயத்தமாக இருக்கச் சொல்ல, நீ உபதேசியாருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு முன்னால் போனாய். போகும்முன் என் கையைப் பிடித்து மூன்று தடவை சொன்னாய். ஒவ்வொரு மைல் கல்லிலும் முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும், ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிகிற நேரம் கையைச் சும்மா விட்டு, பிறகு கட்ட வேண்டும், மறந்துவிடாதே அம்மா என்று.

நான் மறக்கவில்லை மக்கா. முதல் கல் வந்ததும் முடிச்சில் கை வைத்தேன். அவிழ்த்தால் விஷம் தலைக்கு ஏறிவிடும் என்று பயந்துபோய் கையை எடுத்துவிட்டேன். அவிழ்க்காதே என்று முத்துநாயகம் சொல்லவில்லை, அவர் மேல் பழி போட வழியில்லை. அண்ணன் அவிழ்க்கச் சொன்னானே அம்மா, கை கடுக்கிறதே என்று ஜெயபாய் கேட்டாள். மிண்டாமல் கிட ஏட்டி என்று அதட்டினேன். இரண்டாவது கல்லில் கை நீலமாக இருந்தது. விஷம்தான் பரவுகிறது என்று நினைத்து, என் சேலையைக் கிழித்து, உன் கட்டின்மேல் இன்னொரு கட்டுப் போட்டுப் பல்லால் இழுத்து இறுக்கினேன். ஒன்பது மைல் கல்லிலும் பரமண்டல ஜெபம் சொன்னேன். முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே நர்ஸம்மாள் இரண்டு கட்டையும் சேர்த்துக் கத்தரித்து வாளியில் போட்டாள். நீ உள்ளே டாக்டரோடு நின்றதால் பார்க்கவில்லை. பாம்பு விஷம் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது, கட்டுத்தான் கையைக் கெடுத்தது, கையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். யார் இப்படிக் கட்டியது என்று கேட்டார். நான்தான் என்று நீ சொன்னாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. பெற்ற தாயே பிள்ளையின் கையை வாங்கிவிட்டாள் என்று ஊர் சொல்லுமே என்று பயம். வழியில் அவிழ்த்தாயா அம்மா என்று நீ என்னிடம் கேட்கவே இல்லை. அவிழ்த்திருப்பாள் என்று நம்பினாய்.

அதற்குப் பிறகு அப்பா உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் பேச்சு எடுத்தால் எழுந்து போனார்கள். அதையும் இரண்டரை மாதம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் விட்டு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏசவில்லை. வாழைத் தோட்டத்தில் போய் மழையில் நின்றார்கள். திரும்பி வந்து, வியாழக்கிழமை நாகர்கோவில் போய் அவனைப் பார்க்கிறேன், எழுத வேண்டியதை எழுது என்றார்கள். இந்தக் கடிதம் அப்பா கையில்தான் வருகிறது. உன்னிடம் பேசுவார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. சாயங்காலம் முதலுதவி வகுப்பு முடிகிற வரைக்கும் மைதானத்து ஓரத்தில் நிற்கிறேன், அவன் கட்டுப் போடுகிறதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

ஜெயபாயிடம், நீயாவது அண்ணனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அம்மாவே சொல்லட்டும் என்று இருந்தேன் என்றாள். அவள் பழைய தாவணியை வெட்டி, முக்கோணமாக ஒரு கட்டுத்துணி தைத்துத் தந்திருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே துணியை இடுக்கிக்கொண்டு மூன்று நாள் தைத்தாள். தையல் கோணல்தான், சிரித்துவிடாதே. வகுப்பில் இதை வைத்துத்தான் பழக வேண்டுமாம்.

சீட்டை மாற்று மக்கா. முதலில் முதலுதவியை எழுது. இரண்டாவதாக உன் இஷ்டம், பாட்டு மட்டும் வேண்டாம். நீ டாக்டருக்குப் படிக்காமல் போனால் ஜெயபாயுடைய ஒரு கையோடு உன்னுடைய இரண்டு கையையும் நானே எடுத்ததாக இருக்கும். அதை என்னால் தாங்க முடியாது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை, அதனால் கேட்கவில்லை. சீட்டை மட்டும் மாற்று.

அந்த டாக்டரைப் பார்க்கும்போது இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு. அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்கு அடியில் பதில் எழுதியிருக்கிறேன். கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
அந்த முடிச்சை இறுக்கியவள்,
உன் அம்மா தேவகனி