மதிலுக்குள் நிற்கிற பைபர் போட்

கல்முனைக்குடி
14.05.2025, புதன்

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் நுஸ்ஹாவும் உங்கள் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அந்த நாட்டு வெயிலில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். போன் எடுத்தால் உங்கள் அறையில் எட்டுப் பேர். நான் ஒன்று சொன்னால் ஒருவர் இருமுகிறார், இன்னொருவர் சிரிக்கிறார், நீங்கள் "ஓம், ஓம், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். குரல் பதிவு அனுப்பினால் அதை எல்லாருக்கும் கேட்கப் போடுகிறீர்களாம். உங்கள் அறையில் இருந்து லீவில் வந்த ஹாதிக் எல்லாவற்றையும் உளறிவிட்டான். அவன் ஞாயிறு திரும்பிப் போகிறான். இதைக் கருவாட்டுப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். மணக்கும். பொறுத்துக்கொண்டு தனியாக இருந்து படியுங்கள்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். போட் வேலை முடிந்துவிட்டது. காரைதீவில் வாங்கி வந்து முற்றத்தில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத அந்த வருசம் கட்டாருக்குப் பறந்தீர்களே, அந்தப் பதினெட்டு அடிப் பைபர் போட்தான். மூன்று வருசம் அதன் கீழே கோழி அடைகாத்தது. இப்போது வெளியே நீலம், உள்ளே மஞ்சள். நிமிர்ந்து நிற்கிறது. காலையில் கதவைத் திறந்தால் யாரோ பெரிய விருந்தாளி வந்து நிற்பது போல இருக்கிறது.

நீங்கள் ஒரு நாளும் விவரம் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். அடியில் என் கை முழங்கை வரை போகிற ஓட்டை. எஞ்சின் மாட்டுகிற பின்பலகையில் ஒரு ஸ்க்ரூட்ரைவரைக் குத்திப் பார்த்தேன், தேத்தண்ணியில் ஊறின பிஸ்கட்டுக்குள் போவது போலப் போனது. பழைய பைபரை கிரைண்டரால் தேய்த்து எடுத்தபோது கண்ணாடித் தூள் உடம்பெல்லாம் ஏறி மூன்று நாள் முள் படுக்கைதான். பிறகு புத்தி வந்து உங்கள் முழுக்கைச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு தேய்த்தேன். நான்கு சட்டை முடிந்தது. கேட்க வேண்டாம்.

பைபரை ஒட்டுகிற ரெசினுக்குள், அது இறுக ஊற்றுகிற ஹார்ட்னரை மூடியால் அளந்து ஊற்ற வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். நான் கறிக்கு உப்புப் போடுகிற கையால் ஊற்றினேன். மத்தியான வெயில் வேறு. தகரப்பேணி புகையத் தொடங்கிவிட்டது. நுஸ்ஹா ஓடி வந்து, "உம்மா, கறி எரியுது!" என்று கத்தினாள். பார்த்துக்கொண்டிருக்கவே பிறஷ் நட்டபடி பேணி கல்லாகிவிட்டது. அதற்குப் பிறகு காலை ஏழு மணிக்கு முன்னம்தான் ரெசின் கலந்தேன், மூடியால் அளந்துதான். கண்ணாடி இழைப் பாயை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் உருட்டி எடுத்தேன். ஓட்டை இருந்த இடத்தை இப்போது உங்களால் தடவிக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

பின்பலகையில் மட்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எஞ்சின் கழன்று கடலில் விழுந்தால் யார் பதில் சொல்வது? காரைதீவில் பைபர் வேலை செய்கிற சுஜிந்தனைக் கூப்பிட்டேன். இரண்டு நாள் வந்தான். என் வாப்பா கதிரை போட்டு முற்றத்திலேயே இருந்தார். உங்கள் உம்மாவும் இருந்தார். இருந்தும் ஊருக்கு வாய் மூடவில்லை. தகர வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். "புருசன் வெளிநாட்டில, பொண்டாட்டி முற்றத்தில மெக்கானிக்" என்றார்கள். எங்கள் குடி மரைக்காயர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் பெரிய ஆள், மறைப்பு வேண்டும் என்று மாமியிடம், உங்கள் உம்மாவிடமே, ஆள் அனுப்பினார்.

மச்சான், எனக்கு இதுதான் விளங்கவில்லை. இந்த ஒழுங்கையில் எத்தனை வீட்டில் மகளைத் தனியாக றியாத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள்? யாருடைய சட்டியைக் கழுவுகிறாள், யாரிடம் அடி வாங்குகிறாள் என்று ஒரு மரைக்காயரும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே இல்லாத வெட்கம், சீதனமாக எனக்கு எழுதித் தந்த என் சொந்த வளவுக்குள் நான் அரத்தாள் தேய்த்தால் வந்துவிடுகிறதா? நீங்களும் சேர்ந்துதான். "உம்மா சொல்லுறா, நோன்புக்கு முன்ன மதில் கட்டு, உயரமாக் கட்டு" என்று அனுப்பினீர்கள். கட்டினோம். ஆறரை அடி. மேலே போத்தல் கண்ணாடியும் பதித்தாயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல மதில் என்றார்கள். நான் அதற்குள் இருந்து பெருநாள் தாண்டியும் போட்டைத் தேய்த்துப் பூசிக்கொண்டிருந்தேன்.

போன திங்கள் சுஜிந்தன் கடைசியாகப் பின்பலகையைப் பார்க்க வந்தான். கேற்றுக்குள் நுழைந்தவன் போட்டைப் பார்த்தான். கேற்றைத் திரும்பிப் பார்த்தான். மீண்டும் போட்டைப் பார்த்தான். அப்படியே மண்ணில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, இது எப்பிடி வெளிய போற?" என்று கேட்டான்.

நம்புங்கள், அந்த நேரம் வரைக்கும் எனக்கு அது தோன்றவேயில்லை. மேசனுக்குத் தோன்றவில்லை, வாப்பாவுக்குத் தோன்றவில்லை, தினமும் மதிலைத் தடவிப் பார்த்த மாமிக்கும் தோன்றவில்லை. உங்கள் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, அதன் அளவுக்குத்தான் கேற் வைத்தோம். போட்டைச் சரித்து எடுத்தாலும் ஒழுங்கை எட்டடி அகலம்தான், மூக்கு எதிர்வீட்டுச் சமையலறைக்குள் போய்விடும். ஆட்கள் பார்க்கக் கூடாது என்று சுற்றிவரக் கட்டி, போட்டைக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம்.

நேற்று போனில் இதைச் சொன்னதும் உங்கள் அறையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். பிறகு நீங்கள், "அப்ப வெட்டித் துண்டாக்கி வித்துப்போடு. நான் இங்க இன்னும் ரெண்டு வருச வேலைக்குக் கையெழுத்து வைக்கிறன். முப்பத்தோராம் திகதிதான் கடைசி" என்றீர்கள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. இருமக்கூட இல்லை.

நான் தொடங்கியது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். உங்களை மாதிரிக் கடல் தெரிந்த மனிதன் அங்கே ஒரு கடைத்தொகுதியில் தானாக ஏறுகிற படிக்கட்டின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். "திரும்பி வந்து என்னத்தில கடலுக்குப் போற?" என்று நீங்கள் கேட்டதற்குப் பதிலாகத்தான் அந்த ஓட்டையை அடைத்தேன். இப்போது ஒரு மதிலுக்காக அதை வெட்டவா?

வாப்பாவிடம் மதிலை உடைப்போம் என்றேன். "மருமகன்ட காசில கட்டின மதில். அவர்ர வாயால ஒரு சொல் வராம நான் ஒரு கல்லத் தொட மாட்டன்" என்றார். மருமகன் மனம் கோணக் கூடாதாம். மகள் மனம் எப்படிக் கோணினாலும் பரவாயில்லை. எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. நிறுத்துகிறேன்.

17.05.2025, சனி

மச்சான், புதன் எழுதியதைக் கிழிக்கவில்லை. அதையும் படியுங்கள், இதையும் படியுங்கள்.

செவ்வாய் நீங்கள் பேசியதை மாமியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். புதன் முழுக்கச் சோற்றை உண்ணாமல் கிண்டிக்கொண்டிருந்தார். வியாழன், "கையெழுத்து வச்சா திரும்ப எப்ப வருவான்?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய் ஓதிக்கொண்டிருந்தார்.

வெள்ளி சுபஹ் தொழுதுவிட்டு நான் அடுப்பு மூட்டுகிறேன், முற்றத்தில் டங் டங் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் உங்கள் உம்மா வாப்பாவின் இரும்பு அலவாங்கை இரண்டு கையாலும் தூக்கி மதிலில் இடித்துக்கொண்டிருக்கிறார். கல் ஒன்றும் அசையவில்லை, பூச்சுத்தான் கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது. முக்காடு தோளில். வாப்பா பனியனோடு ஓடிவந்து, "என்ன வேல இது, மருமகன் கேட்டா என்ன சொல்லுற?" என்று பதறினார். மாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மருமகன்ட உம்மா நான் சொல்லுறன், காணாதா? கட்டச் சொன்னதும் நான், உடைக்கச் சொல்லுறதும் நான். உங்களுக்கு எங்க நோகுது காக்கா? நோகாட்டி இந்தா, புடிங்க" என்று அலவாங்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

வாப்பா என்ன செய்வார்? பிடித்தார். என் தம்பி றிபாத் பெரிய சுத்தியலோடு வந்தான். நானும் விடவில்லை. ஜும்ஆவுக்கு பாங்கு சொல்லுமுன் இருபத்திரண்டு அடி மதில் தரையில் கிடந்தது. என் வாழ்க்கையில் எந்த வேலையும் எனக்கு இவ்வளவு இனித்ததில்லை. கல் விழ விழ நுஸ்ஹா கைதட்டினாள். எதிர்வீட்டுக் கமீலா ராத்தா எட்டிப் பார்க்காமல் நேராகவே உள்ளே வந்து, "அடியே, இவ்வளவு நாளும் இத்த ஒளிச்சா வச்சிருந்த? என்ன வடிவா இரிக்கி!" என்று போட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

வெள்ளிக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை என்பது நல்லதாகப் போயிற்று. அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரை ஆட்கள் முப்பது பேருக்குக் குறையாமல் வந்துவிட்டார்கள். சுஜிந்தன் காரைதீவிலிருந்து மூன்று பெடியன்களையும் கயிறும் கொண்டு வந்தான். ஆளுக்கு ஒரு கட்டளை. "மூக்கத் தூக்குடா", "பின்னுக்கு ஆளில்ல", "வயருக்குப் பட்டிடும், பணி, பணி". போட் எழும்பி ஒழுங்கைக்குள் திரும்பியது. முன்மூக்கில் தோள் கொடுத்தவர் யார் தெரியுமா? மறைப்பு கேட்ட அந்த மரைக்காயர்தான். பாதி வழியில் அவருடைய சாரன் அவிழத் தொடங்கியது. கையை எடுத்தால் போட் விழும், எடுக்காவிட்டால் சாரன் விழும். "யாராவது புடிங்கடா!" என்று அலறினார். "எத்த ஹாஜியார், போட்டையா சாரனையா?" என்று பின்னால் இருந்து ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்ததில் கை தளர்ந்து, போட் ஒருமுறை ஒழுங்கையில் குந்தி எழும்பியது. கீறல் ஒன்றுகூட விழவில்லை. நான் ஒட்டின பைபர்.

இன்று காலை கடலில் இறக்கினோம். மாமி அறையில் போர்வை சுற்றி வைத்திருந்த உங்கள் எஞ்சினை றிபாத் திருத்தி மாட்டியிருந்தான். பின்பலகையில் அது அசையாமல் நின்றது. நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, ஏறிவிட்டேன். வாப்பா கரையில் நின்று, "இறங்கு புள்ள, ஆக்கள் பாக்குறாங்க" என்று கத்தினார். பார்க்கட்டும் என்றுதான் ஏறினேன். அலையைத் தாண்டும்போது போட் ஒருமுறை மேலே போய் விழுந்தது, நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அப்பால் கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது. அடிப்பாகத்தைக் குனிந்து தடவிப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. மச்சான், நான் அழுதேன் என்று றிபாத் சொல்வான். உப்புத் தண்ணி தெறித்தது, அவ்வளவுதான்.

கரைக்கு வந்தபோது கூட்டம். கரைவலைக்காரர் ஒருவர் போட்டைத் தட்டிப் பார்த்து, "நல்ல சாமான். ஆரு ஓட்டப் போற? உன்ட மாப்புள றஸ்மிதான் அங்கயே இருந்திட்டானே. சும்மா கிடந்து பழுதாப் போறதுக்கு எனக்குத் தா, நான் ஓட்டுறன்" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். வாப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஓம் சொல்ல வாயைத் திறந்துவிட்டார்.

நான் முந்திக்கொண்டு, "ஓட்ட ஆளிரிக்கி. என்ட மச்சான் வாறாரு" என்றேன். "எப்ப?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மாமி, ஐந்து நேரமும் தொழுகிற, பகிடிக்கும் பொய் சொல்லாத உங்கள் உம்மா, கண்ணைக்கூட இமைக்காமல், "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்ன வாறான். டிக்கட்டும் போட்டாச்சி" என்றார். அந்த மனிதர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று போய்விட்டார். இப்போது கல்முனைக்குடி முழுக்கத் தெரியும். லுஹர் தொழுகைக்கு முன்னமே இரண்டு பேர் வந்து எந்த பிளைட் என்று கேட்டுவிட்டார்கள். மாமி அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, பின்னேரப் பிளைட் என்றும் சொல்லிவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முற்றத்துக்கு வந்ததும், "அவனுக்கு எழுது" என்றார். "என்ன எழுத மாமி?" என்று கேட்டேன். "நான் பொய் சொல்லிட்டன் எண்டு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். முப்பத்தோராம் திகதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அந்தக் கடதாசியை முன்னால் வைத்து பேனை தந்தால், ஒரு நிமிசம் உங்கள் உம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். நான் பொய்க்காரி என்று பெயரெடுத்தாலும் பரவாயில்லை, எனக்கு ஏற்கெனவே இந்த ஊரில் நிறையப் பெயர் இருக்கிறது. அந்த மனுசியை இந்த வயதில் பொய் சொன்னவளாக ஆக்கிவிடாதீர்கள்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கொண்டுவந்து என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

வஸ்ஸலாம்,
உங்கள்
ஹுஸ்னியா