கொடி மடிப்பில் சாமை

குவைத்

அம்மாவுக்குக் கலைமணியின் கும்பிடு. இப்போதாவது சாப்பிடுகிறீர்களா? எனக்கு ஒரு குறையுமில்லை. லீவு கேட்டேன், போனில் பார்த்துக்கொள் என்றார் முதலாளி. தம்பி தனபாலை ராணுவத்தார் அடக்கம் செய்ததை லாரியில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தேன்.

சோளக்காட்டில் பெட்டியை இறக்கியதிலிருந்தே ஊரார் கோஷம். உயிரோடு லீவில் வந்து அங்கே பஸ் இறங்கும்போது அவனை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

"பொட்டியத் தொறங்க சாமி, எம்மவனுக்கு வாய்க்கரிசி போடோணும்" என்று கெஞ்சினீர்கள். திறக்கக்கூடாது என்றார் அதிகாரி. கையிலிருந்த சாமையரிசியைப் பெட்டிமேல் இருந்த கொடியிலேயே போட்டீர்கள். அவர் தட்டிவிட்டார். "வீரவணக்கம்" என்று ஊரே கத்தியது.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் சாமை கொடுத்தனுப்புங்கள்.

லாரி எடுக்கச் சொல்கிறார்கள். ஒன்று மட்டும்: மடித்துத் தந்த அந்தக் கொடியைப் போட்டோவுக்காக யார் கேட்டாலும் பிரித்து உதறாதீர்கள். மடிப்பில் நாலு சாமையாவது ஒட்டியிருக்கும். அது அவன் வாய்க்குப் போகவேண்டியது.

கலைமணி