மான் தின்ற முட்டைகள்

உயிர்த்த ஞாயிறு, இரவு.

இண்டைக்கு மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு முட்டை தேடுற விளையாட்டு. பெரிய பிள்ளைகளின்ர பிளாஸ்டிக் முட்டைகளுக்குள்ள அழிறப்பரும் தலைக்கிளிப்பும் வைச்சு, இறுக்கி மூடி, மாதா கோயில் வேப்பமரத்தில ஒளிச்சனான். சின்னதுகளின்ர மஞ்சள் முட்டைகளுக்குள்ள பிஸ்கட். பிஞ்சு விரலால திறக்க ஏலாதெண்டு மூடியை அரைகுறையா வைச்சுப் புல்லில போட்டனான். மாடு மாதிரி மான் ரோட்டில திரியிற ஊரில பிறந்து வளர்ந்தும் எனக்கு அது நினைவு வரேல்லை.

பூசை முடிஞ்சு வந்து பாத்தால் வளவு முழுக்க மான். ஒரு பிஸ்கட்டும் மிச்சமில்லை. சின்னதுகள் அழேல்லை, மானைக் கண்டு ஒரே துள்ளல். நான் வெறும் முட்டைகளைப் பொறுக்கி எண்ணினன். ஒரு மஞ்சள் மூடியைக் காணேல்லை. மான் விழுங்கியிருந்தால்?

பெரியதுகள் தங்கட முட்டைகளை விட்டிட்டு என்னோட சேர்ந்து புல்லெல்லாம் தேடினதுகள். கடைசியில பாத்தால், என்ர மறைக்கல்வி வகுப்பில ஆகச் சின்னவள் தண்ணிப் பைப்படியில நிக்கிறாள். மூடி அவளின்ர கையில. அதுக்குள்ள தண்ணி.

"பிஸ்கட் திண்டால் விக்குமெல்லோ ரீச்சர், மானுக்குக் குடுக்கப்போறன்" எண்டாள்.

நன்றி ஆண்டவரே. அடுத்த முறை முட்டைக்குள்ள என்ன வைக்கிறதெண்டு அவளிட்டத்தான் கேக்கவேணும்.