பேனாவால் எழுதிய பிழை

மெல்பேர்ண்
20 ஓகஸ்ட் 1974

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். வேலையாகப் போன சிட்னியின் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் திரியாதிருந்தால் நீங்களும் சுகமாயிருப்பீர்கள். உங்கள் கடிதம் காலையில் வந்தது. கோபம் ஆறட்டும் என்று சோறு வடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஆறவில்லை.

போன சனிக்கிழமை பேஸ்போல் ஆட்டத்தில் நடந்ததைக் கிளப் செயலாளர் வாயால் கேட்டிருக்கிறீர்கள். என்னிடமும் கேளுங்கள். எதிரணிக்காரன் அடித்த பந்து உயர எழும்பி, இரண்டாம் பேஸில் நின்ற செயலாளர் மகன் கெவினின் கையுறைக்குள் நேரே வந்து விழுந்தது. அவன் அசையவே தேவையிருக்கவில்லை. விட்டுவிட்டான். ஸ்கோர் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே பிழை என்று போட்டேன். வேறென்ன போடுவது?

ஆட்டம் முடிந்ததும் செயலாளர் தேநீர்க் கோப்பையோடு வந்தார். சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல 'லவ்' என்று கூப்பிட்டு, இந்த விளையாட்டு உனக்குப் புதிது, அதை அடித்தவனின் திறமை என்று மாற்றிவிடு என்றார். மைதானம் மேடுபள்ளம், பந்து தெறித்துவிட்டதாம். கோடையில் கிரிக்கெட் ஆடும் அந்தத் தரையில், மூன்றாம் பேஸுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்கும் என்பதை இரண்டு குளிர்காலமாகச் சப்பாத்து நனைந்து அறிந்தவள் நான். ஆனால் பந்து தரையைத் தொடவே இல்லை. ஆகாயத்திலுமா பள்ளம் இருக்கிறது?

பிழை குறைந்தவனுக்குத்தான் வருடக் கடைசியில் கோப்பை. அது கெவினுக்கு வேண்டும். எல்லாரும் பென்சிலால் எழுத, நான் பேனாவால் எழுதுவதைக் கண்டு சிரித்தவர்கள் இப்போது அழிக்க முடியாமல் நிற்கிறார்கள். மாற்றாவிட்டால் இறுதியாட்டத்துக்கு வேறு ஆள் எழுதுமாம்.

அதுகூடப் போகட்டும். நாலடி தூரத்தில் நின்ற என்னிடம் நடக்காததை, ஐந்நூறு மைலுக்கு அப்பாலிருக்கும் உங்களுக்கு டெலிபோன் எடுத்து நடத்தப் பார்க்கிறார். நீங்களும், "ஏன் வில்லங்கம், ஒரு எழுத்துத்தானே, மாத்திவிடும்" என்று எழுதுகிறீர்கள். அடுத்த வருடம் அணித் தலைவர் நீங்கள்தான் என்று அவர் சொன்னதையும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கடிதத்தில் இருப்பது உங்கள் கண்ணில் படவில்லையா?

மே மாதம் ஒரே ஆட்டத்தில் உங்கள் பெயருக்கு நேரே இரண்டு பிழை போட்டேன். காரில் வரும்போது, "இஞ்சாரும், சொந்த மனுசனுக்கே பிழை போட்ட ஆள் உலகத்திலை நீர் ஒராள்தான்" என்று சிரித்தீர்கள். கொஞ்சத் தூரம் போய், "ஆனா சரியாத்தான் போட்டிருக்கிறீர்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் குளிரில் ஈரப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன்.

புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. வரும் சனிக்கிழமை இறுதியாட்டத்துக்கு ரயிலில் கொண்டுபோவேன். எழுத விடாவிட்டால் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளியும் மாறாது.

அவர் உங்களுக்குத் திரும்பவும் டெலிபோன் எடுப்பார். எனக்காக வழக்காட வேண்டாம். "அவவிட்டைக் கேளுங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள்.

சனிக்கிழமைக்குள் வர முடிந்தால் வாருங்கள். உங்கள் கையுறைக்கு எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். வரும் பந்தெல்லாம் உங்கள் கையில் தங்கட்டும். தங்காத பந்தை நான் எழுதுவேன்.

உங்கள்
யோகா